தங்கராஜு அண்ணன் மீன் சாப்பிடமாட்டார்

தங்கராஜு அண்ணன் மீன் சாப்பிடமாட்டார். இந்த வரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஜெயாக்கா சொல்லிவிட்டார், ஆரம்பித்துவிட்டேன். என் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் வேறு மாதிரி ஆரம்பித்திருப்பேன். எழுதவும் செய்தேன். 'தேயிலை மலையில் நாற்பத்து மூன்று ஆண்டுகள் அயராது உழைத்த அன்புச் சகோதரி' என்று ஒரு முழுப் பக்கம். பார்ப்பதற்கு அழகான பக்கம். அதைக் கிழித்துப் போட்டாயிற்று.

என் பெயர் அமல்தாஸ். கேமரன் மலையில், கம்போங் ராஜா போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷமாகக் கிராணி. ஆபீசில் கணக்கெழுதுகிற குமாஸ்தாவை எங்கள் பக்கம் இன்னமும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை, தோட்டத்து மண்டபத்தில் ஜெயாக்காவுக்குப் பிரிவு உபசாரம். அறுபது வயதாகிவிட்டது. யார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அவர்களுடைய வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதி, மைக்கில் வாசிப்பது நான். யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக எடுத்துக்கொண்டது. பேசுகிற வேலை எதுவானாலும் இந்தத் தோட்டத்தில் என்னிடம்தான் வரும்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் யாரும் மேலே இருப்பவர்களிடம் நேராகப் பேசுவதில்லை. ஒரு காலத்தில் துரையிடம் பேசக் கங்காணி வேண்டும், பிறகு கிராணி வேண்டும். இப்போது இருப்பவர் மேனேஜர், ஆனால் நாங்கள் துரை என்றுதான் சொல்கிறோம். அந்த வழக்கமும் போகவில்லை. கிளினிக்கோ, பள்ளிக்கூடமோ, போலீசோ, எதுவானாலும் 'கிராணியக் கூப்பிடு' என்பார்கள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு போவேன். என்னுடைய கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், ஒரு பக்கத்துக் காரத்தை மறுபக்கம் கொண்டுபோகும்போது குறைத்துவிடுவேன். துரை 'சோம்பேறிக் கூட்டம்' என்று சீறினால், நான் வெளியே வந்து 'கொஞ்சம் சுறுசுறுப்பாச் செய்யச் சொல்றார்' என்பேன். பெண்கள் 'அந்த அட்டைக் காட்டுல பூட்ஸ் இல்லாம இறங்க மாட்டோம், வேணும்னா அவரை இறங்கச் சொல்லுங்க' என்றால், நான் உள்ளே போய் 'பூட்ஸ் கிடைத்தால் நன்றியோடு இருப்பார்கள்' என்பேன். இரண்டு பக்கமும் என்னைத் தங்கமான மனுஷன் என்றார்கள். பூட்ஸ் மட்டும் வரவில்லை.

ஜெயாக்கா ஒருநாள் துரையின் ஜீப்பை மறித்துவிட்டார். தனக்குத் தெரிந்த மலாயில் நேராகக் கேட்டார். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, அட்டை கடித்து இரத்தம் வடிகிற இடத்தைக் காட்டினார். அடுத்த வாரம் பூட்ஸ் வந்தது. எனக்கு ஒரு மாதம் அவர்மேல் கோபம். என்னைத் தாண்டிப் போய்விட்டாராம்! ஜெயாக்காவுக்குப் பேசத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் தப்பிக்க முடியாது.

அவர் இந்தத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்தவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. பதினேழு வயதில் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறினார். பின்னால் வங்காளதேசத்துப் பையன்கள் வேலைக்கு வந்தபோது அவர்களுக்கு மண்டோராக, அதாவது மேற்பார்வைக்கு, இவரைத்தான் போட்டார்கள். அரை மலாய், அரைத் தமிழ், மிச்சம் கையால் என்று அவர் வேலை வாங்குகிற அழகே தனி. கல்யாணம் செய்துகொண்டது கோலா தெர்லாவைச் சேர்ந்த தங்கராஜு அண்ணனை. திரிங்காப் தோட்டங்களிலிருந்து கோஸ் ஏற்றிக் கீழே கொண்டுபோகிற லோரி ஓட்டுநர். அதற்கு முன்னால், இளவயதில், எட்டு வருஷம் மீன் லோரி ஓட்டியிருக்கிறார். அந்த வாடை உடம்பிலேயே ஏறிவிட்டது என்று சொல்லி, அந்த வேலையை விட்ட நாளிலிருந்து மீனைத் தொடுவதில்லை. லயத்தில் யார் வீட்டிலாவது மீன் பொரித்தால் சன்னலைச் சாத்துவார். பிள்ளை இல்லை. அவருக்கு இவர், இவருக்கு அவர்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று ஆகஸ்டில் தங்கராஜு அண்ணன் கீழே மார்க்கெட்டுக்குப் போய் கோவிட்டோடு திரும்பினார். மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. திங்கட்கிழமை மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்தது. ஜெயாக்காவுக்கும் சோதனையில் கோவிட் இருந்ததால், கையில் ரோஸ் நிறப் பட்டை கட்டி வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மலைக்குக் கீழே பெரிய மருத்துவமனையில் சேர்க்கப் போவதாகச் சொன்னார்கள். பார்க்க யாரும் வர முடியாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு நம்பர், அந்த நம்பருக்குத் தினம் ஒருமுறை டாக்டரே பேசுவார்.

எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. ஆபீசில் உண்டு, லயத்துக்குப் போகிற பாதையில் ஒரு வளைவில் உண்டு. ஜெயாக்காவோ வாசலைத் தாண்டக்கூடாது. ஆம்புலன்சில் வந்த தாதி பாரத்தை நீட்டி, யார் நம்பர் என்றதும் நான் முன்னால் போய் என் நம்பரைச் சொன்னேன். உறவு என்ன என்றார். தம்பி என்றேன். அப்போது எனக்குள் ஒரு பெருமை வந்தது. ஒரு மனுஷன் மூச்சுக்குத் திணறிக்கொண்டு ஆம்புலன்சில் ஏறுகிறான், எனக்குப் பெருமை!

அன்றிரவு சாப்பிடும்போது என் மனைவி பார்பரா சொன்னாள், "அவங்களையே பேச வைங்கலா. தூர நின்னு போனை வச்சிட்டு வந்துடுங்க, அந்த வளைவு வரைக்கும் அவங்க நடந்து வரட்டும். ராத்திரில யாரு பாக்கப் போறா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. டாக்டருங்க பேசுறது இங்கிலீஷ்" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு அழைப்பு வந்தது. பேசியது சின்னப் பெண் குரல். "அங்கிள், நான் டாக்டர் ரூபினி. தமிழ்ல பேசலாமா?" நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அவர் தமிழிலேயே கேட்டார், நான் இங்கிலீஷிலேயே சொன்னேன். மூக்கு வழியாக ஆக்சிஜன் போகிறது, பேசுகிறார், ஆனால் நுரையீரல் படம் நன்றாக இல்லை என்றார். மனைவியோடு நேரே பேச முடிந்தால் நல்லது என்றும் சொன்னார். அவருக்கும் உடம்பு சரியில்லை, என்னிடமே சொல்லுங்கள் என்றேன்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். ஜெயாக்காவுடையது வரிசையில் கடைசி வீடு. நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும், அவர் வாசற்படியில் நிற்க வேண்டும். நடுவில் முப்பதடி. சத்தம் போட்டுத்தான் சொல்ல முடியும். நான் வாயைத் திறந்ததும் பதினான்கு வீட்டுக் கதவும் திறந்தன. எல்லோரும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள். நுரையீரல் படம் நன்றாக இல்லை என்பதை ஊர் கேட்கக் கத்த முடியுமா? "நல்லா பேசுறாராம்க்கா!" என்று கத்தினேன். "அப்பாடா" என்றார்கள் பதினான்கு வீட்டிலும். ஒருத்தர் கைகூடத் தட்டினார். நானே குணமாக்கிவிட்டது மாதிரி எனக்குச் சந்தோஷம்.

புதன்கிழமை டாக்டர் சொன்னது மோசம். ஆக்சிஜன் கூடிக்கொண்டே போகிறது, முகம் மூடுகிற மாஸ்க் போட்டிருக்கிறோம், சாப்பாடு இறங்கவில்லை. "அங்கிள், இதை அவங்ககிட்ட சொல்லுங்க. மறைக்காதீங்க." சரி டாக்டர் என்றேன். வாய்க்கால் பக்கம் போய் நின்றேன். பதினான்கு கதவு. நேற்றுக் கைதட்டியவர் இன்றைக்கும் தயாராக நிற்கிறார்.

"கொஞ்சம் கூடுதலாக் காத்து வைக்கிறாங்களாம். மத்தபடி நல்லா இருக்காராம். சோறு சாப்பிட்டாராம்க்கா!"

ஜெயாக்கா கேட்டார், "என்ன கறியாம்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் எங்கே கறி சொல்வார்! வாயில் வந்ததைச் சொன்னேன். "மீனு. மீனு கறியாம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு "சரிங்க கிராணி, நாளைக்கும் வாங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தங்கராஜு அண்ணனோடு இருபத்தேழு வருஷம் ஒரே தோட்டத்தில் இருந்திருக்கிறேன், கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து பார்பராவிடம் சொன்னபோது அவள்தான் தலையில் அடித்துக்கொண்டாள். "அவரு மீனு திங்க மாட்டாரேய்யா!"

அப்போதாவது திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. ஜெயாக்கா ஒன்றும் கேட்காததால் கவனிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழனும் வெள்ளியும் கஞ்சி குடித்தார், தூங்கினார், சிரித்தார் என்று இன்னும் நாலு சேர்த்துக் கத்திவிட்டு வந்தேன். அந்த இரண்டு நாளும் மூச்சுக்காக அவரைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை நான்கு மணிக்குப் போன் வந்தது. நான் ஆபீசில் தனியாக இருந்தேன். வெளியே நல்ல மழை.

"அங்கிள், அவரால இனிமே தானா மூச்சு விட முடியலை. வாயில குழாய் போட்டு மெஷின்ல வைக்கணும். போட்டா பேச முடியாது. திரும்பக் கண் முழிப்பார்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். இருபது நிமிஷம் காத்திருக்கேன். அதுக்கு மேல முடியாது. அவர் வைஃபைக் கூட்டிட்டு வாங்க, வீடியோ கால்ல அஞ்சு நிமிஷம் பேசட்டும்."

"அவங்க கையில பட்டை கட்டியிருக்கு டாக்டர்" என்றேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரிடம் தமிழில் பேசினேன்.

"ஹெல்த் ஆபீஸ்ல நான் சொல்லிக்கிறேன். போங்க அங்கிள், ப்ளீஸ்."

ஆபீசிலிருந்து லயத்துக்கு மோட்டாரில் ஏழு நிமிஷம். அங்கிருந்து சிக்னல் கிடைக்கிற வளைவுக்கு மூன்று நிமிஷம். மழை என்று சொல்லலாம். கோவிட் பயம் என்று சொல்லலாம், அதுவும் இருந்தது. ஆனால் நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காததற்குக் காரணம் அவை இல்லை. கூட்டிக்கொண்டு போனால் ஜெயாக்கா தன் புருஷன் முகத்தைப் பார்ப்பார். சோறும் மீனும் கஞ்சியும் சிரிப்பும் எல்லாம் பொய் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். என் மானம் போய்விடும். அதற்காகத்தான். மேசையில் இருந்த பேனாக்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போது கூசுகிறது.

பத்து நிமிஷம் கழித்து நானே டாக்டருக்குப் போன் அடித்தேன். "அவங்களால வர முடியலை டாக்டர். ரொம்ப முடியாம இருக்காங்க. நான் தம்பி மாதிரி. நான் பேசுறேன்."

டாக்டர் ரூபினி வீடியோ காலைப் போட்டார். பிறகு போனைத் திருப்பிக் காட்டினார். மாஸ்க்குக்குள்ளே தங்கராஜு அண்ணன். சவரம் செய்யாத முகம். மனைவியைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது, யாரோ தலை வாரிவிட்டிருந்தார்கள். திரையில் என் மூஞ்சியைப் பார்த்தார். இரண்டு தடவை பேசினார். என்ன பேசினார் என்பதை இந்த நாலு வருஷமும் பார்பராவிடம்கூட நான் சொல்லவில்லை. அது ஜெயாக்காவுக்குப் போய்ச் சேர வேண்டிய பேச்சு. மிச்ச நேரமெல்லாம் நான்தான் பேசினேன். லோரியை அவருடைய முதலாளி தவுக்கே பத்திரமாக எடுத்துப் போய்விட்டார் என்றேன். கோஸ் விலை ஏறியிருக்கிறது என்றேன். ஜெபம் செய்கிறோம் என்றேன்.

அன்று மாலை வாய்க்கால் பக்கம் நின்று, "நல்லாத் தூங்கட்டும்னு மருந்து குடுத்திருக்காங்களாம்க்கா!" என்று கத்தினேன்.

பதினொரு நாள் மெஷினில் இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் டாக்டர் என்னிடம் ஒரு விவரமும் சொல்லவில்லை. "நான் அவங்ககிட்டதான் பேசுவேன் அங்கிள். கூட்டிட்டு வந்துட்டுக் கூப்பிடுங்க" என்றார். ஜெயாக்காவின் பட்டையை அதற்குள் வெட்டிவிட்டிருந்தார்கள். மோட்டாரில் வைத்து அந்த வளைவுக்குக் கூட்டிப் போனேன். பத்தே நிமிஷம்தான் ஆயிற்று. முப்பது வயதுகூட ஆகாத அந்தப் பெண், இரண்டு நிமிஷத்தில், தமிழில், மெதுவாக, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். ஜெயாக்கா நடுநடுவே "ம்" கொட்டிக் கேட்டார். வலித்ததா என்று கேட்டார். நன்றி என்று சொன்னார். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து அழுதார். வீடியோ கால் பேச்சு வந்துவிடுமோ என்று அத்தனை நேரமும் எனக்குப் பயம். வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. ஒரு சாவுச் செய்தியைக் கேட்டு அப்பாடா என்றவன் நான். உடம்பையும் கீழேயே எரித்துவிட்டார்கள். பானையில் சாம்பல்தான் மலைக்கு வந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு ஓடி ஓடிச் செய்தேன். பாரம் நிரப்பினேன், கடிதம் எழுதினேன், கூரை ஒழுகினால் ஆள் அனுப்பினேன். அவர் வீட்டுப் பின்னால் விளைகிற முள்ளங்கியைப் பையில் போட்டுக் கொண்டுவந்து தருவார். பார்பரா சாம்பார் வைப்பாள். என்னால் விழுங்க முடியாது. கோயிலில் பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாதர் நல்லவர், மன்னித்துவிட்டார். அவருக்கென்ன, அவரையா நான் ஏமாற்றினேன்?

போன செவ்வாய்க்கிழமை, இந்தப் பக்கத்தை எழுத விவரம் கேட்பதற்காக ஜெயாக்கா வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்து முள்ளங்கி இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பிறந்த வருஷம், வேலைக்குச் சேர்ந்த வருஷம் எல்லாம் சொன்னார். 'கணவர் காலமான ஆண்டு' என்று எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது.

"அக்கா, அன்னிக்கு சனிக்கிழமை ஒரு போன் வந்துச்சு" என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை ஒரு காரத்தையும் குறைக்கவில்லை.

ஜெயாக்கா இலையைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை. "டாக்டர் எவ்வளவு நேரம் காத்திருக்கேன்னாங்க?"

"இருபது நிமிஷம்."

"உங்க மோட்டார்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து."

கிள்ளுவதை அப்போதுதான் நிறுத்தினார். "அப்ப வந்திருக்கலாம்" என்றார்.

அடுத்த கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவர் சொன்னார், "மீனுன்னு சொன்னீங்களே, அன்னிக்கே எனக்குத் தெரியும் கிராணி, நீங்க பொய் சொல்றீங்கன்னு."

"தெரிஞ்சா ஏன்க்கா கேக்கலை? மூஞ்சில அடிச்ச மாதிரி கேட்டிருக்கலாமே!"

"கேட்டா மறுநாள் நீங்க வர மாட்டீங்க. எனக்கு வேற யாரு இருந்தா? பொய்யோட பொய்யா, அவரு உசுரோட இருக்காருன்னு ஒரு சேதி வந்துச்சுல்ல. அதுக்காக வாய மூடிக்கிட்டேன்." பிறகு, "அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"மொதல்ல, 'ஜெயா எங்க'ன்னு கேட்டாரு."

"நீங்க?"

"தூங்குறாங்கன்னு சொன்னேன்."

"ரெண்டாவது?"

"மாஸ்க்கைக் கையால தூக்கிட்டு, 'எழுப்பு'ன்னாரு."

ஜெயாக்கா எழுந்துவிட்டார். மடியிலிருந்த இலையெல்லாம் வாசலில் கொட்டியது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் என்னை ஒருமையில் பேசியதில்லை, அன்றும் பேசவில்லை. "நான் தூங்கலை கிராணி. நாலு மணிலேருந்து இந்த வாசல்ல மழைச் சாரல்ல நின்னுக்கிட்டிருந்தேன். உங்க மோட்டார் சத்தம் வருதா வருதான்னு."

மன்னிப்புக் கேட்டேன். நான் எழுதி வைத்திருந்த 'அன்புச் சகோதரி' பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாம். இப்ப எங்கிட்ட சொன்னதை எழுதுங்க. அவரு மீன் சாப்பிட மாட்டாருங்கிறதுல ஆரம்பிங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வருவாங்க. சோறு சாப்பிட்டாருன்னு லயம் முழுக்கக் கேக்கத்தானே அன்னிக்குக் கத்துனீங்க? இதையும் அதே மாதிரி கத்திச் சொல்லுங்க. மைக் வேணாம்."

எழுதிவிட்டேன். மைக் வேண்டாம் என்று மண்டபத்துக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஜெயாக்கா முன்வரிசையில் உட்காரமாட்டாராம். கதவு பக்கம், கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார், அங்கே வரைக்கும் கேட்க வேண்டுமாம்.